ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு சர்டிபிகேட்: கம்ப்யூட்டர் மெக்கானிக் பரீட்சையின் கதை

போன கட்டுரையில் சீட்டுக் கம்பெனிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் சொந்தக் கதை, நிறைய சரித்திரம்.

எனக்குப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை இல்லை, அது அதற்கப்புறம் வருகிறது. இது "ஏ பிளஸ்" என்ற கம்ப்யூட்டர் டெக்னீஷியன் பரீட்சை. பி.காம். கடைசி வருஷம் படிக்கிற பெண் எதற்கு மதர்போர்டையும் ரேமையும் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று எங்கள் ஆழ்வார்பேட்டை ஃபிளாட்டில் கேட்காதவர்களே இல்லை. கீழ் வீட்டு மாமி, "நீ சி.ஏ. பண்ணலையா?" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் விசாரிக்கிறார்.

காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி. 20 வருஷத்துக்கு மேலாக ரிச்சி தெருப் பக்கம் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். சின்னச் சின்ன ஆபீசுகளுக்கு வருஷ ஒப்பந்தம் எடுத்து, அதாவது ஏ.எம்.சி. எடுத்து, மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முக்கிய வருமானம். அப்படி எட்டு வருஷமாகப் பார்த்துவந்த ஒரு ஆபீஸ் போன வருஷம் கைவிட்டுப் போனது. வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை. புதிதாக வந்த மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "உங்ககிட்ட சர்டிஃபைடு ஆளுங்க யாராவது இருக்காங்களா?" மாமாவிடம் இல்லை. ஒப்பந்தம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

"பேப்பர் கேக்கறாங்கம்மா. மெஷினைத் தொறந்து காட்டுன்னு கேட்டா காட்டலாம், பேப்பருக்கு எங்க போறது?" என்றார் மாமா.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டுகிறவருக்குப் பரீட்சை, சர்டிபிகேட் என்பதெல்லாம் எப்போது, யாரால், எதற்காக வந்தது? தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

லோயரும் ஹையரும்

நம் ஊருக்கு இந்த மாதிரிப் பரீட்சை ஒன்றும் புதிதில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு மெஷினை வைத்துப் பரீட்சை எழுதிய ஊர் இது. டைப்ரைட்டிங்கைத்தான் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸ் அரசாங்கம் தொடங்கிய தொழில்நுட்பப் பரீட்சைகளின் வழியில் வந்ததுதான் நம்முடைய அரசு டைப்ரைட்டிங் பரீட்சை. கிண்டியில் இருக்கிற தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. ஆங்கிலம் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை. மயிலாப்பூர், தி.நகர் தெருக்களில் மாடிப்படி ஏறினால் "டக டக" என்று சத்தம் கேட்கும் இன்ஸ்டிட்யூட்டுகளை நம்மில் பல பேர் பார்த்திருப்போம். நானும் பிளஸ் டூ லீவில் ஒரு மாடியில் உட்கார்ந்து "ஏ எஸ் டி எஃப்" அடித்து லோயர் பாஸ் செய்தவள்தான்.

இந்தப் பரீட்சையில் ஒரு நல்ல குணம் உண்டு. டைப்ரைட்டரின் பாகங்கள் எத்தனை, அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்க மாட்டார்கள். மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்து, அடி என்பார்கள். விரலுக்குத் தெரிந்தால் பாஸ். அதனால்தான் அந்தச் சர்டிபிகேட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. "டைப் ஹையர்" என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால், அந்த ஆளை நம்பி ஆபீசில் மெஷின் முன்னால் உட்கார வைக்கலாம்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். டைப் அடிக்கிறவருக்குப் பரீட்சை இருந்தது. அதே மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுச் சரிசெய்யும் மெக்கானிக் அப்படி ஒரு பரீட்சை எழுதியவர் இல்லை. அவர் ஒரு பெரியவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். பயன்படுத்துகிறவருக்குப் பேப்பர், பழுது பார்க்கிறவருக்குப் பழக்கம் என்ற இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ரிப்பேர் முழுக்க ஐ.பி.எம். கையில் இருந்த காலம்

1960-களில் இந்தியாவுக்கு வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பகுதி ஐ.பி.எம். கம்பெனியுடையது. ரயில்வே மண்டல அலுவலகங்களில் ஐ.பி.எம். 1401 வந்தது. 1973-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில், ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய மெஷின் நிறுவப்பட்டது. ஒரு ஹால் முழுக்க அடைத்துக்கொண்டு, ஏ.சி. குளிரில் நிற்கும் ராட்சசன் அது.

அன்றைக்கு ஐ.பி.எம். தன் மெஷின்களைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. வாடகையோடு பராமரிப்பும் சேர்த்தி. மெஷின் நின்றுபோனால் கம்பெனியின் ஆளே வருவார், திறப்பார், மூடுவார், போவார். வாடிக்கையாளருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால் பொருளும் சேவையும் ஒரே பில்லில். ரிப்பேர் வித்தை கம்பெனியின் சொத்து. ஆகவே வெளியே யாருக்கும் பரீட்சை தேவைப்படவில்லை.

இந்த ஏற்பாட்டை ஒரு சட்டம் உடைத்தது. 1973-ல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ஃபெரா. இந்தியாவில் இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளவில்லை. ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில் மந்திரியாக இருந்தபோது கோகோ கோலாவோடு சேர்ந்து ஐ.பி.எம்.மும் வெளியேற முடிவு செய்தது. 1978-ல் கடையைக் கட்டியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கம்பெனி போய்விட்டது, மெஷின்கள் இங்கேயே நிற்கின்றன. நாளைக்குச் சம்பளப் பட்டியல் போட வேண்டும். டேப் டிரைவ் சுற்றவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது?

அரசாங்கமே மெக்கானிக் ஆன கதை

அதற்கு அரசாங்கம் முன்பே ஒரு ஏற்பாடு செய்திருந்தது. 1975-ல் ஒரு பொதுத்துறை நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பெயரே "கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்". கம்ப்யூட்டர் பராமரிப்புக் கழகம்! ஐ.பி.எம். போன பிறகு, அது விட்டுச்சென்ற மெஷின்களைப் பராமரிக்கும் பொறுப்பு இந்த சி.எம்.சி.க்கு வந்தது. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த இந்திய இன்ஜினியர்கள் பலர் இதில் சேர்ந்தார்கள். வேறு சிலர் ஐ.டி.எம். என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்.

என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்தியாவில் கம்ப்யூட்டர் மெக்கானிக் என்ற தொழில் தனியாகப் பிறந்த இடம். ஐ.பி.எம். ஆள் ஐ.பி.எம். மெஷினை மட்டும் தொட்டால் போதும். சி.எம்.சி. ஆளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பல நாட்டு, பல கம்பெனி மெஷின்களைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் "இந்த மெஷினில் இந்த ஸ்க்ரூ" என்ற மனப்பாடம் போதாமல், மெஷின் எப்படி வேலை செய்கிறது என்ற பொதுவான அறிவு தேவைப்பட்டது.

ரிப்பேரில் தொடங்கிய சி.எம்.சி. பிறகு பெரிய வேலைகளும் செய்தது. 1980-களில் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது அவர்கள்தான். 2001-ல் பெரும்பங்கு டாடாவுக்கு விற்கப்பட்டு, 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு இணைந்து அந்தப் பெயரே மறைந்துவிட்டது. இன்று ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதன் ஆதிப் பெயரில் "மெயின்டனன்ஸ்" இருந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பெட்டியைத் திறக்கலாம்

1981 ஆகஸ்ட் 12. அமெரிக்காவில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. மாடல் எண் 5150. அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் தானே செய்யாமல் இன்டெல்லின் 8088 சிப், மைக்ரோசாஃப்டின் டாஸ் என்று வெளியே கிடைத்ததை வாங்கிப் போட்டார்கள். உள்ளே கூடுதல் கார்டு செருக 5 ஸ்லாட். சர்க்யூட் படத்தோடு புத்தகமும் விற்றார்கள்.

விளைவு என்ன? மற்றவர்களும் அதே மாதிரி செய்யலாம். ஐ.பி.எம்.முக்கு மட்டும் சொந்தமாக இருந்தது பயாஸ் என்கிற சின்ன நிரல். அதையும் காப்பி அடிக்காமல் புதிதாக எழுதி, காம்பாக் கம்பெனி 1983-ல் ஒத்துப்போகும் மெஷினை விற்க ஆரம்பித்தது. அப்புறம் தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் என்று உலகமெல்லாம் உதிரி பாகங்கள் கிடைக்கத் தொடங்கின.

நம் ஊரில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்தது. இறக்குமதி வரி குறைந்தது, லைசென்ஸ் கெடுபிடி தளர்ந்தது. அதே வருஷம் ரங்கராஜன் கமிட்டி, வங்கிகளில் இயந்திரமயமாக்கல் பற்றி அறிக்கை கொடுத்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான சிவ் நாடார் நண்பர்களோடு 1976-ல் தொடங்கிய ஹெச்.சி.எல். மாதிரி இந்தியக் கம்பெனிகள் மெஷின் விற்றன. அவற்றின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. அந்த இடைவெளியில் புகுந்ததுதான் "அசெம்பிள்டு" மெஷின்.

இங்கேதான் ரிச்சி தெரு வருகிறது. மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் அந்தப் பகுதி முதலில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் உதிரிகளுக்குப் பேர் போனது. ரேடியோவுக்குப் பின் டேப் ரெக்கார்டர், டி.வி., வி.சி.ஆர். வரிசையில் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த கைகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், பிடிபட்டது.

மாமா 90-களின் கடைசியில் ஒரு கடையில் பையனாகச் சேர்ந்தபோது அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது பீப் சத்தம்தான். மெஷினை ஆன் செய்தால் பயாஸ் எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் பொதுவாக ஒரு சின்ன பீப். ரேம் சரியில்லை என்றால் வேறு மாதிரி, டிஸ்ப்ளே கார்டு உட்காரவில்லை என்றால் வேறு மாதிரி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "டாக்டர் நாடி பாக்கற மாதிரிதான். காதுல கேட்டே சொல்லிடுவோம்" என்பார். ஹார்டு டிஸ்கில் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் மாற்றுவது, சவுண்டு கார்டும் மோடமும் ஒரே ஐ.ஆர்.கியூ. எண்ணுக்குச் சண்டை போட்டால் பஞ்சாயத்து செய்வது எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. டைப்ரைட்டர் மெக்கானிக்கின் அதே வழி.

பேப்பர் கடைகள்

இதே காலத்தில் இன்னொரு பக்கம் பேப்பர் கொடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். என்.ஐ.ஐ.டி. 1981-ல் தொடங்கியது, ஆப்டெக் 1986-ல். நம் சென்னையிலிருந்து எஸ்.எஸ்.ஐ. 90-களில் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் போர்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளே பாதி இடத்தில் தட்டி போட்டு, நாலு கம்ப்யூட்டர் வைத்து, பெயரை மாற்றிக்கொண்டன.

ஒவ்வொரு சென்டரும் தனித்தனி டிப்ளமோ கொடுத்தால் எதை நம்புவது? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1990-ல் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் துறையும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து டோயக் திட்டத்தைக் கொண்டுவந்தன. ஓ, ஏ, பி, சி என்று நான்கு லெவல். எங்கே வேண்டுமானாலும் படி, பரீட்சையை நாங்கள் நடத்துகிறோம் என்றது அரசாங்கம். டைப்ரைட்டிங் பரீட்சையின் அதே சூத்திரம்தான். 2011-ல் டோயக் என்ற பெயர் நீலிட் என்று மாறியது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. ஐ.டி.ஐ.களிலும் கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்புக்கென்று ஒரு டிரேடு வந்தது.

இருந்தாலும் தெருச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ்தான் ஜெயித்தது. "45 நாளில் ஹார்டுவேர் இன்ஜினியர், 100% வேலை." என் பெரியப்பா பையன் ஒருவன் 2000-களில் அப்படி ஒரு இடத்தில் சேர்ந்தான். பீஸ் முழுக்க முதலிலேயே கட்டினார்கள். முப்பது பேருக்கு ஒரே ஒரு பழைய மெஷின். அதையும் வாத்தியார் மட்டும்தான் கழற்றுவார். சர்டிபிகேட் மட்டும் தங்க நிற பார்டரோடு வந்தது. இன்றைக்கும் வீட்டில் பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். அவன் இப்போது மெடிக்கல் ரெப்.

ஆக ஒரு பக்கம் வேலை தெரிந்த, பேப்பர் இல்லாத மாமா. இன்னொரு பக்கம் பேப்பர் இருக்கிற, வேலை தெரியாத அண்ணன். கஸ்டமர் யாரை நம்புவார்?

அமெரிக்காவிலும் இதே தலைவலி

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலும் இதே பிரச்சினைதான். 1982-ல் கம்ப்யூட்டர் விற்கும் டீலர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். "நல்ல கம்ப்யூட்டர் டீலர்கள் சங்கம்" என்பது மாதிரி ஒரு பெயர். ஆங்கிலத்தில் சுருக்கினால் ஏ.பி.சி.டி. என்று வரும்! 1990-ல் அதுதான் காம்ப்டியா என்று பெயர் மாறியது.

இந்த டீலர்களுக்கு மெக்கானிக் தேவை. ஆனால் கடைக்கு வருகிற பெட்டி ஐ.பி.எம்., காம்பாக், பெயரே இல்லாத தைவான் பெட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். கம்பெனி கொடுக்கிற பயிற்சி அந்தக் கம்பெனி மெஷினுக்கு மட்டும்தான். எல்லா மெஷினுக்கும் பொதுவான அடிப்படை இந்த ஆளுக்குத் தெரியும் என்று சொல்ல ஒரு அளவுகோல் வேண்டும். 1993-ல் அப்படி வந்ததுதான் ஏ பிளஸ். எந்தக் கம்பெனியையும் சாராத, ஆரம்ப நிலை டெக்னீஷியனுக்கான பரீட்சை. சி.எம்.சி. ஆட்களுக்கு 1978-ல் வேலையே கற்றுக்கொடுத்த அதே பாடம், 15 வருஷம் கழித்து அமெரிக்காவில் கேள்வித்தாளாக வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொருளாதாரப் பாடத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறது. 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒன்று சொன்னார். விற்கிறவருக்குக் காரின் உண்மை நிலை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் நல்ல விலை கிடைக்காமல் போகிறது. 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், வேலைச் சந்தையில் படிப்பு என்பது ஒரு அடையாளச் சமிக்ஞை என்றார். முதலாளியால் திறமையை நேரடியாகப் பார்க்க முடியாது, அதனால் சர்டிபிகேட்டைப் பார்க்கிறார். இருவருக்கும் 2001-ல் நோபல் கிடைத்தது.

இதைப் படித்த பிறகு அந்த மேனேஜர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. எட்டு வருஷம் வேலை பார்த்த மாமாவை அவருக்கு எட்டு நாளாகத்தான் தெரியும். அவரும் தன் மேலதிகாரிக்குக் காட்ட ஒரு பேப்பர் வேண்டும் அல்லவா?

மாறிக்கொண்டே இருக்கும் கேள்வித்தாள்

ஏ பிளஸ் பரீட்சையின் பாடத்திட்டத்தை வரிசையாகப் பார்த்தால் அதுவே ஒரு கம்ப்யூட்டர் சரித்திரம். 90-களில் டாஸ், விண்டோஸ், ஃப்ளாப்பி, ஜம்பர், ஐ.ஆர்.கியூ. 2006-ல் அடிப்படைத் தாள் ஒன்றை எழுதிவிட்டு, நேரில் போகும் டெக்னீஷியன், தொலைவிலிருந்து உதவுகிறவர், பட்டறையில் ரிப்பேர் செய்கிறவர் என்று மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்யும்படி வைத்தார்கள். 2009-ல் அதைக் கைவிட்டு மறுபடி எல்லோருக்கும் இரண்டு தாள் ஆக்கினார்கள். 2012-ல் மொபைல், டேப்லெட் உள்ளே வந்தன. அப்புறம் கிளவுட் வந்தது. 2022-க்குப் பிறகு நான் எழுதப்போகிற புதிய வரிசை, 220-1201, 220-1202 என்ற இரண்டு தாளும், 2025-ல் வந்தவை. ஒவ்வொன்றிலும் 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்வி. 900-க்கு முதல் தாளில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால் பாஸ்.

இதில் இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை.

முதலாவது, 2011-லிருந்து இந்தச் சர்டிபிகேட் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். அதுவரை ஒருமுறை பாஸ் செய்தால் ஆயுளுக்கும் செல்லுபடி. 2010-ன் ஆரம்பத்தில் இதை அறிவித்தபோது, ஏற்கெனவே பாஸ் செய்தவர்களிடம் பெரிய எதிர்ப்பு. கடைசியில் 2010 முடிய வாங்கினவர்களுக்கு ஆயுள் முழுக்க, அதற்குப் பின் வாங்குகிறவர்களுக்கு மூன்று வருஷம் என்று சமரசம் ஆனது. ஜம்பர் போடத் தெரிந்தவர் என்ற சான்றிதழால் இன்று பயனில்லை என்பது நியாயம்தான். ஆனால் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் பணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, 2012-ல் செய்முறை மாதிரிக் கேள்விகள் வந்தன. நாலு விடையில் ஒன்றை டிக் செய்வது மட்டும் போதாது. திரையில் ஒரு நெட்வொர்க் படம் கொடுத்து, எதை எங்கே மாட்டுவாய், எந்த செட்டிங்கை மாற்றுவாய் என்று செய்யச் சொல்கிறார்கள். நம் டைப்ரைட்டிங் பரீட்சை ஆரம்பத்திலிருந்தே செய்துவந்ததை இவர்கள் 19 வருஷம் கழித்துப் பிடித்தார்கள் :-)

இன்னொரு தகவல், காமர்ஸ்காரர்களுக்காக. 2025 ஜனவரியில் காம்ப்டியாவின் பரீட்சை வியாபாரமும் அந்தப் பெயரும் தோமா பிராவோ, ஹெச்.ஐ.ஜி. கேப்பிட்டல் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டது. சங்கம் வேறு பெயரில் தனியாக இருக்கிறது. டீலர்கள் தங்கள் தேவைக்காக வைத்த அளவுகோல் இன்று லாபம் தர வேண்டிய ஒரு சொத்து. இதை வைத்து நல்லது கெட்டது என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் பீஸ் கட்டுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மாமா கடையில் டியூஷன்

நான் புத்தகத்தை மனப்பாடம் செய்தால் அண்ணன் மாதிரி ஆகிவிடுவேன் என்ற பயம் இருந்தது. அதனால் சனி, ஞாயிறு மாமா கடைக்குப் போய்விடுகிறேன். டி.டி.கே. ரோட்டில் பஸ் ஏறினால் மவுண்ட் ரோடு அதிக தூரமில்லை.

பாடத்திட்டத்தில் பழுது கண்டுபிடிக்க ஆறு படி சொல்கிறார்கள். பிரச்சினை என்ன என்று கேட்டு அறிவது. காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிப்பது. ஊகத்தைச் சோதிப்பது. திட்டம் போட்டுச் சரிசெய்வது. எல்லாம் ஓடுகிறதா என்று முழுக்கப் பார்ப்பது. கடைசியாக, செய்ததை எழுதி வைப்பது.

போன மாதம் ஒரு மெஷின் வந்தது. அரை மணிக்கு ஒருமுறை தானாக ஆஃப் ஆகிறது என்று புகார். நான் புத்தகத்தில் படித்தபடி, "பவர் சப்ளை போயிருக்கும் மாமா" என்றேன். மாமா பெட்டியைத் தொடவே இல்லை. கொண்டுவந்த ஆளிடம், "சார், மெஷின் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சுவரோரம், மேஜைக்கு அடியில், பக்கத்தில் அரிசி மூட்டை. மளிகைக் கடை. திறந்தால் ப்ராசஸர் விசிறியில் மாவு மாதிரி தூசி. சூடாகி நிற்கிறது. ப்ரஷ், ப்ளோயர், புதுசாகத் தெர்மல் பேஸ்ட், அவ்வளவுதான்.

ஆறு படியில் ஐந்து மாமாவிடம் தானாகவே இருக்கிறது. பிரச்சினையைக் கேட்டு அறிவது என்ற முதல் படியை நான்தான் தாண்டிக் குதித்தேன். ஆனால் ஆறாவது படி அவரிடம் இல்லை. எதையும் எழுதி வைத்ததில்லை. எந்த ஆபீசில் எந்த மெஷினுக்கு எப்போது என்ன செய்தார் என்பதெல்லாம் அவர் தலைக்குள். எட்டு வருஷம் பார்த்த அந்த ஆபீசின் புது மேனேஜரிடம் காட்ட ஒரு நோட்டுக்கூட இல்லை. இருந்திருந்தால்? சர்டிபிகேட் இல்லாவிட்டாலும் எட்டு வருஷக் கணக்கு பேசியிருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

இப்போது கடையில் ஒரு லெட்ஜர் போட்டிருக்கிறேன். தேதி, மெஷின், புகார், காரணம், செய்தது, செலவு. பி.காம். படித்ததற்கு இதுவாவது ஆயிற்று. மாமா முதலில் சிரித்தார். இப்போது அவரே, "எழுதிட்டியாம்மா?" என்று கேட்கிறார்.

பேப்பர் யாருக்கு?

ஏ பிளஸ் சில மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. இருபது வருஷம் தொழில் தெரிந்த மாமா, ஆங்கிலக் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாததால் தோற்கலாம். அரைகுறையாகத் தொழில் தெரிந்த நான் பாஸ் செய்யலாம். இது எனக்கு உறுத்துகிறது. இரண்டு தாளுக்குமான பீஸும் மாமா மாதிரி ஒருவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகை இல்லை.

இதற்கு நம் நாட்டில் ஒரு பாதி வழி திறந்திருக்கிறது. 2015-ல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். கம்ப்யூட்டர், பிரிண்டர் ஃபீல்டு டெக்னீஷியன் வேலைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் தரம் வகுத்திருக்கிறது. எங்கே படித்தாய் என்று கேட்காமல் என்ன தெரியும் என்று கேட்கிற முறை. டைப்ரைட்டர் மெக்கானிக்குக் கிடைக்காத பேப்பர் இது. மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். "அந்த மேனேஜர் ஒத்துப்பாரா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சான்றிதழின் மதிப்பு அதைக் கொடுக்கிறவர் கையில் பாதிதான், ஏற்றுக்கொள்கிறவர் கையில் மீதி.

அதனால் இப்போதைக்கு எங்கள் ஒப்பந்தம் இது. நான் ஏ பிளஸ் எழுதுகிறேன். பாஸ் செய்தால் கடைச் சுவரில் மாட்டுவோம். மாமா அந்த இன்னொரு பரீட்சைக்குப் போகிறார். அதையும் பக்கத்தில் மாட்டுவோம். கீழே மேஜையில் லெட்ஜர் இருக்கும். கேட்கிறவர் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

சரி நண்பர்களே, போர்ட் எண்கள் இன்னும் பாதி மனதில் நிற்கவில்லை. 22, 53, 80, 443, 3389 என்று சொல்லிக்கொண்டே தூங்கப் போகிறேன். ரிசல்ட் எப்படி வந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒரு மெஷினைச் சரிசெய்ய வருகிறவர் இருந்தால், அடுத்த தடவை அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். போகும்போது செய்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.